முன்ஷிகளின் மேடை

இந்தியாவின் முதலாவது பேசும்படம் 'ஆலம் ஆரா' என்பதைப் பொது அறிவு நூல்களைப் புரட்டிய எவரும் அறிவர். 1931 மார்ச் 14 ஆம் திகதி பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் அது திரையிடப்பட்டது. தயாரித்து இயக்கியவர் அர்தேஷிர் இரானி என்ற பார்சி. கதாநாயகி ஸுபைதா. பக்கீர் வேடத்தில் வந்து இந்திய சினிமாவின் முதற் பாடலைப் பாடியவர் வஸீர் முஹம்மது கான். இவ்வளவையும் சொல்லும் நூல்கள், கதையை எழுதியவர் யாரென்ற இடத்தில் பெரும்பாலும் மௌனமாகிவிடும். ஆலம் ஆரா சினிமாவுக்கென்று பிறந்த கதையன்று. முதலில் அது பார்சி மேடைக்கான நாடகம். எழுதியவர் ஜோசப் டேவிட் (1876 - 1948). அவர் பம்பாய் யூதர்.

சல்லியிலே பிள்ளைகளுக்கு நாடகமும் அரங்கியலும் கற்பிப்பவன் நான். கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்த நாடக வரலாறு கிரேக்கத்தில் தொடங்கும். சேக்ஸ்பியர், இப்சன், பிரெக்ட் என்று நடந்து வந்து வடமோடி, தென்மோடியில் இறங்கும். நடுவிலே பார்சி அரங்குக்கு அரைப் பக்கம் கிடைக்கும். அந்த அரைப் பக்கத்திலும் திரைச்சீலை, தந்திரக்காட்சி, ஆர்மோனியம் ஆகியவற்றுக்கு இடமுண்டு, எழுதியவர்களுக்கு இல்லை. ஐரோப்பிய யூதரின் யித்திஷ் அரங்கைப் பற்றி வாசித்துக்கொண்டு போனபோது, நமது பக்கத்திலே இப்படி யாரேனும் யூதர் நாடகம் எழுதினாரா என்று தேடினேன். அப்படித்தான் ஜோசப் டேவிட் அகப்பட்டார். அவரைப் பிடித்துக்கொண்டு போனால் வழிநெடுக வேறு பலரும் வருகிறார்கள். அவர்களிற் பெரும்பாலோர் முஸ்லிம்கள்.

ஜோசப் டேவிட் பெனே இஸ்ராயில் சமூகத்தவர். கொங்கணக் கரையில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த இவர்களின் பழைய தொழில் எண்ணெய் ஆட்டுவது. சனிக்கிழமையிற் செக்கை நிறுத்திவிடுவார்கள். அதனால் அயலவர் இவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று அழைத்தனர். பேசும் மொழி மராத்தி. இந்தச் சமூகத்திற் பிறந்தவர், பார்சி முதலாளிகளின் கம்பனிகளுக்காக ஹிந்துஸ்தானியில் நாடகம் எழுதினார். முஸ்லிம் பாத்திரங்களைப் படைத்தார். அவற்றுக்கு எல்லா மதத்தவரும் வேடங்கட்டினர். இதை இன்றைக்குச் சொன்னால் ஏதோ அபூர்வம் போலத் தோன்றும். அந்த மேடையில் அது அன்றாட வழக்கம்.

பார்சி அரங்கு பம்பாயில் 1853 இல் தொடங்கியது. பாரசீகக் காவிய வீரர் ருஸ்தமும் ஸொஹ்ராபும் வரும் கதைதான் முதல் ஆட்டம். பார்சிகளின் வீட்டு மொழி குஜராத்தி என்பதால் தொடக்க நாடகங்கள் குஜராத்தியிலேயே அமைந்தன. 1871 இல் முதன்முதலாக உருது நாடகம் ஒன்று அந்த மேடைக்கு வந்தது. காரணம் இலக்கியப் பற்றன்று, வியாபாரம். பெஷாவரிலிருந்து ரங்கூன் வரை கூடாரத்தையும் திரைகளையும் கட்டிக்கொண்டு போகும் கம்பனிக்கு, எல்லா ஊரிலும் ஓரளவு விளங்கும் பாஷை ஒன்று வேண்டியிருந்தது. உருது எழுதத் தெரிந்தவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். அவர்களே முன்ஷிகள். ரௌனக் பனாரஸி, அஹ்ஸன் லக்னவி முதலானோர் இவ்வாறு வந்தவர்கள். தாலிப் பனாரஸி, நாராயண் பிரசாத் பேதாப் ஆகிய ஹிந்துக்களும் இதே பதவியில் இருந்தனர். எழுதிய நாடகம் கம்பனியின் சொத்து. அடுத்த கம்பனிக்காரன் திருடிவிடுவான் என்ற பயத்தால் பிரதியை அச்சுக்குக் கொடுக்காமல் பெட்டிக்குள் பூட்டி வைப்பார்கள். பாட்டுப் புத்தகம் மாத்திரம் வாசலில் விற்கும். நாடகாசிரியர் பெயர் வரலாற்றில் நிலைக்காமற் போனதற்கு இதைவிட வேறு காரணம் தேடத் தேவையில்லை.

இந்த மேடைக்கு முன்மாதிரி தந்தவர் சம்பளத்துக்கு எழுதாத ஒருவர்: லக்னோ கவிஞர் ஆகா ஹஸன் அமானத் (1815 - 1858). நோயினால் இளவயதிற் பேச்சை இழந்தவர் அவர். பின்னர் பேச்சு திரும்பியபோதும் திக்குவாய் மாறவில்லை. வாய் திறக்கத் தயங்கிய இந்த மனிதர்தான் 1850 களின் தொடக்கத்தில், அவத் நவாப் வாஜித் அலி ஷாவின் காலத்தில், முழுக்க முழுக்கப் பாடலாக 'இந்தர் சபா'வை எழுதினார். இந்திரனின் சபையிலே புஷ்பராகப் பரி, நீலப் பரி, மாணிக்கப் பரி, மரகதப் பரி என நால்வர் ஆடுகின்றனர். மரகதப் பரி, குல்ஃபாம் என்ற மானிட இளவரசனிடம் மனதைப் பறிகொடுக்கிறாள். விடயம் தெரிந்ததும் இந்திரன் அவனைக் கிணற்றில் தள்ளுகிறான். அவளது சிறகை வெட்டுகிறான். அவள் யோகினி வேடத்தில் ஊரூராய்ப் பாடித் திரிந்து, பாட்டாலேயே சபையை மயக்கி, காதலனை மீட்டுக்கொள்கிறாள். இந்திரன் ஹிந்துப் புராணத்தவன். பரிகள் பாரசீகக் கதைகளிலிருந்து இறங்கியவர்கள். கிணறு இருப்பதோ காஃப் மலையில். கஸலும் தும்ரியும் ஹோலிப் பாட்டும் ஒரே சரத்தில் கோக்கப்பட்டுள்ளன. 1856 இல் பிரித்தானியர் அவத்தை விழுங்கினர். நவாப் கல்கத்தாவுக்குப் போய்ச் சேர்ந்தார். நாடகம் மாத்திரம் பம்பாய்க் கம்பனிகளின் கையில் ஏறி நாடெங்கும் போனது. 1932 இல் அது சினிமாவானபோது எழுபது வரையான பாடல்கள் அதில் இடம்பெற்றன.

இந்தர் சபா தேவநாகரியிலும் குஜராத்தியிலும் குர்முகியிலும் அச்சாயிற்று. அதன் இன்னொரு பிரதி பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. மொழி உருது, எழுத்து எபிரேயம். இந்தியாவிற் குடியேறிய யூதர் எவரோ, தாம் ரசித்த நாடகத்தைத் தமக்குத் தெரிந்த எழுத்திலே ஒற்றை ஒற்றையாகப் பெயர்த்து வைத்திருக்கிறார். அரபுத்தமிழ்க் கிதாபுகளைக் கண்டு வளர்ந்த இச்சஞ்சிகை வாசகர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. பாஷை ஊருடையது, எழுத்து வேதத்துடையது.

யித்திஷ் மொழியின் கதையும் அதுவே. கிழக்கு ஐரோப்பிய யூதரின் வீட்டு மொழியான அது ஜேர்மன் அடியில் எழுந்து, எபிரேய, ஸ்லாவியச் சொற்களைக் கலந்து, எபிரேய எழுத்தில் எழுதப்பட்டது. வேதம் எபிரேயத்தில்; கல்வியும் உத்தியோகமும் ரஷ்ய, ஜேர்மன் மொழிகளில். யித்திஷோ சமையலறைக்கும் சந்தைக்கும் உரியது. அந்தச் சமூகத்தின் படித்தவர்களே அதைக் கொச்சை என்று இகழ்ந்தனர். 1876 இல் ருமேனியாவின் யாஸி நகரில், மதுச்சாலைத் தோட்டமொன்றில், ஏப்ரஹாம் கோல்ட்ஃபாடன் என்ற கவிஞர் தெருப்பாடகர்களைச் சேர்த்துக்கொண்டு அம்மொழியில் நாடகம் போட்டார். தொழில்முறையான யித்திஷ் அரங்கின் பிறப்பாகக் கொள்ளப்படுவது அதுதான். 1883 இல் ரஷ்யப் பேரரசு யித்திஷ் நாடகங்களைத் தடைசெய்தது. நடிகர்கள் லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் கப்பலேறினர். நியூயோர்க்கில் 1892 இல் ஜேக்கப் கோர்டின் 'யூத லியர் அரச'னை எழுதினார். அரசன் ரஷ்ய யூத வணிகனாக மாறினான். சொத்தைப் பெண்மக்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு வந்தான். ஜேக்கப் அட்லர் அந்த வேடங்கட்டியதைப் பார்த்தவர்கள், ஊரிலே விட்டுவந்த தாய் தகப்பனுக்குக் காசு அனுப்பப் போனார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. சேக்ஸ்பியருக்கு இப்படியொரு பயன் இருப்பதை இங்கிலாந்துக்காரர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதே காலத்தில் பார்சி மேடை முன்ஷிகளும் சேக்ஸ்பியரைத்தான் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தனர். அஹ்ஸன் லக்னவி ஹம்லெட்டை 'கூனே நாஹக்' ஆக்கினார். 1900 இல் வெனிஸ் வணிகனை 'தில்ஃபரோஷ்' ஆக்கினார். மூன்று வருடங்களின் பின், அங்கே அட்லர் நியூயோர்க்கின் பிராட்வே மேடையில் ஷைலொக்காக நின்றார். மற்றவர்கள் ஆங்கிலத்தில் நடிக்க, அவர் மாத்திரம் யித்திஷில் பேசினார். இரண்டு மேடைகளும் ஒன்றையொன்று அறியா. இரண்டும் கூடாரமும் பெட்டியுமாக அலைந்தவை. இரண்டும் பாட்டால் வாழ்ந்தவை. இரண்டையும் அந்தந்தச் சமூகத்துக் கனவான்கள் கீழ்த்தரம் என்றனர். ஹிந்தியின் பெருங்கவிஞர் பாரதேந்து ஹரிச்சந்திரர், இந்தர் சபாவைக் கேலிசெய்து 'பந்தர் சபா' (குரங்குச் சபை) என்றொரு பகடியே எழுதினார்.

முன்ஷிகளிற் பெரியவர் ஆகா ஹஷ்ர் காஷ்மீரி (1879 - 1935). பெயரிற் காஷ்மீர் இருந்தாலும் பிறந்தது பனாரஸில். சால்வை வியாபாரக் குடும்பம். இருபது வயதுக்கு முன்பே நாடகம் எழுதத் தொடங்கினார். லியர் அரசனை அவரும் 'ஸஃபேத் கூன்' என்று எழுதினார். 'ருஸ்தம் ஓ ஸொஹ்ராப்' எழுதியவரும் அவர்; 'சீதா பன்பாஸ்' என்று சீதையின் வனவாசத்தை எழுதியவரும் அவர். இந்திய சேக்ஸ்பியர் என்று அவரை விளித்தார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பட்டம் அவருக்குப் பொருந்தாது. கைதட்டலுக்காகவே எழுதப்பட்ட எதுகை வசனங்கள் அவரிடம் நிறைய உண்டு. ஆயினும் அவர் எழுதிய ஒன்று என்னை நிறுத்தி வைத்தது. 'யஹூதி கீ லட்கீ', யூதனின் மகள்.

ரோமாபுரியில் யூதர் நசுக்கப்படும் காலம். ஒரு யூதத் தந்தை தன் மகளாக வளர்ப்பவள், உண்மையில் அவனை வருத்திய ரோம மதத்தலைவனின் இரத்தம். உரோமன் ஒருவன் யூதனாக வேடமிட்டு அவளைக் காதலிக்கிறான். கடைசியில் அவளுக்கே மரண தண்டனை என்று வரும்போது, அந்தத் தந்தையின் வாயில் இருக்கும் ஒரு சொல்லில் எல்லாம் தொங்குகிறது. மூலக்கதை 1835 இல் பாரிஸில் பாடப்பட்ட ஓர் இசைநாடகம். ஹஷ்ர் அதை எடுத்து, சிறுபான்மைத் தந்தையின் ஆவேசமாக மாற்றினார். பிரித்தானியர் ஆண்ட நாட்டில், ரோமச் சக்கரவர்த்தியைப் பார்த்து அந்த யூதன் பேசிய வசனங்களுக்குச் சபை ஏன் எழுந்து நின்று கைதட்டியது என்று விளக்கவேண்டியதில்லை. 1933 இலும் 1958 இலும் அது சினிமாவாயிற்று. 1958 இன் 'யஹூதி'யில் ரோம இளவரசனாக வந்தவர் திலீப் குமார் என்ற யூசுப் கான். யூதத் தந்தையாக வந்தவர் பார்சியான ஸொஹ்ராப் மோடி. பார்சி மேடையிலேயே தொழில் பழகியவர்.

காஸாவின் குழந்தைகளைப் பத்திரிகையிற் பார்த்துவிட்டு இதை எழுதுவது இலகுவாக இல்லை. ஆனால் ஓர் அரசும் அதன் படையும் செய்வதற்கு ஒரு மொழியோ அதில் நாடகம் எழுதியவனோ பொறுப்பாக மாட்டான். ஹிட்லர் அழித்த யூதர்களிற் பெரும்பகுதியினர் யித்திஷ் பேசியவர்கள். மிஞ்சியோரின் அரங்கை ஸ்டாலின் முடித்தார்: மொஸ்கோ யித்திஷ் அரங்கின் தலைவர் மிகோயல்ஸ் 1948 ஜனவரியில் கொல்லப்பட்டார், மறுவருடம் அரங்கு மூடப்பட்டது, 1952 ஆகஸ்ட் 12 ஆம் திகதி இரவு, நாடகாசிரியர் பெரெட்ஸ் மார்கிஷ் உட்பட யித்திஷ் எழுத்தாளர் பலர் சுட்டுக்கொல்லப்பட்டனர். இஸ்ரேல் அரசும் தன் ஆரம்ப வருடங்களில், எபிரேயத்துக்குப் போட்டியாகிவிடும் என்று, உள்ளூர் நடிகர் யித்திஷில் நாடகம் போடுவதற்குத் தடைகள் விதித்தது. அந்த மொழிக்கு எந்தக் கொடியும் நிழல் தரவில்லை.

பார்சி அரங்குக்கு அப்படியொரு சாவு நேரவில்லை. அதைத் தின்றது சினிமா. ஜோசப் டேவிட்டின் நாடகமே அந்தச் சினிமாவின் வாசலைத் திறந்தது என்பதுதான் வேடிக்கை. ஆலம் ஆரா வெளிவந்து ஏழு மாதங்களில், அதே வருடம் ஒக்டோபர் 31 இல், தமிழின் முதற் பேசும்படமான 'காளிதாஸ்' வந்தது. தயாரித்தவர் அதே இரானி. இன்று ஆலம் ஆராவின் படச்சுருள் எங்கும் இல்லை. காளிதாஸும் இல்லை.

இனி நம் கரைக்கு வருவோம். 1880 களில் பம்பாயின் பார்சிக் கம்பனிகள் கொழும்பில் முகாமிட்டன. இந்தர் சபா இங்கும் ஆடப்பட்டது. சிங்கள மேடையில் 1877 இல் டொன் பஸ்தியன் 'ரொலினா'வுடன் நூர்த்தியைத் தொடங்கியிருந்தார். யாஸியிலே கோல்ட்ஃபாடன் தொடங்கி ஒரு வருடத்தின் பின். பார்சிகள் வந்ததும் நூர்த்தியின் முகமே மாறிற்று. ஜோன் த சில்வா இந்தியாவிலிருந்து விஸ்வநாத் லௌஜி என்ற இசைவாணரை வரவழைத்து ஹிந்துஸ்தானி மெட்டுகளிற் சிங்களப் பாடல் அமைத்தார். 1911 இல் மருதானையில் டவர் ஹோல் திறக்கப்பட்டது. சிங்கள தேசிய எழுச்சி பாடிய பாட்டின் மெட்டு லக்னோவினதும் பம்பாயினதும். அந்த மருதானையைச் சூழ 1915 இல் முஸ்லிம்களுக்கு என்ன நடந்தது என்பதை இவ்வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மெட்டு எல்லை கடந்த அளவுக்கு மனது கடக்கவில்லை.

கடலுக்கப்பால் பினாங்கில் இன்னொன்று நடந்தது. அங்கு வந்துபோன பார்சிக் கம்பனிகளின் ஆட்டத்தைப் பார்த்து, 1885 அளவில் மாமக் புஷி என்பவர் மலாய் மொழியிற் கம்பனி அமைத்தார். பங்ஸாவான் என்ற மலாய் இசைநாடகம் அப்படிப் பிறந்தது. 'மாமக்' என்பது அங்கே யாரைக் குறிக்கும் சொல் என்பது தெரிந்ததே. நம் 'மாமா'தான் அது.

தமிழ் மேடையும் பார்சிக் காற்றிலேதான் கட்டடத்துக்குள் வந்தது. வட்டக்களரியில் விடிய விடிய ஆடியது, சீன் கட்டிய கொட்டகைக்குள் டிக்கட்டுக்கு ஆடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் அதைக் கொட்டகைக் கூத்து என்றனர். பாட்டுப் புத்தகங்களில் 'பார்சி மெட்டு' என்று தலைப்பிட்டு அச்சடித்தார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) புராணக் கதைகளைப் பாட்டும் வசனமுமாக அந்த மேடைக்கு எழுதிக் கொடுத்தார். அவருடைய நாடகங்களோடு குலேபகாவலியும் அலிபாபாவும் ஒரே கொட்டகையில் ஆடின. குலேபகாவலி பாரசீக, உருதுக் கிஸ்ஸாவிலிருந்து வந்த கதை. 1955 இல் எம்.ஜி.ஆர். நடித்ததால் இன்று சினிமாக் கதையாக மாத்திரம் நினைவிருக்கிறது. பக்த ராமதாஸ் நாடகத்தில் நவாபாக வேடங்கட்டியதால் ராஜமாணிக்கம் பிள்ளை ஆயுள் முழுதும் 'நவாப்' ராஜமாணிக்கம் ஆகிப்போனார். 1911 இல் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை கொழும்புக்கு வந்தது. அதன் பாதிப்பில் 1913 இல் கலையரசு சொர்ணலிங்கம் முதலானோரின் லங்கா சுபோத விலாச சபை எழுந்தது. இந்தப் பகுதி பலரால் எழுதப்பட்டுவிட்டது, நான் நீட்டவில்லை.

எழுதப்படாதது வேறு. பார்சிகள் வருவதற்கு முன்னரே தமிழ் முஸ்லிம் புலவர்கள் நாடகம் எழுதியிருக்கின்றனர். 'இராஜநாயகம்' பாடிய வண்ணக்களஞ்சியப் புலவர் பெயரில் 'அலிபாதுஷா நாடகம்' வழங்குகிறது. 'அப்பாசு நாடகம்' உண்டு, 'தையார் சுல்தான் நாடகம்' உண்டு. இவை கூத்து மரபில், விருத்தமும் தருவுமாக ஆடுவதற்கென்றே எழுந்தவை. நமது மேடைப் பேச்சுகளிற் சீறாப்புராணம் வரும், குணங்குடியார் வருவார், படைப்போர், நாமா, கிஸ்ஸா, முனாஜாத்து, மசாலா என்று அறிஞர் உவைஸ் எடுத்துக்காட்டிய வடிவங்களும் வரும். நாடகம் வருவது மிக அரிது. அலிபாதுஷாவைக் குறிப்பிடுவோரும் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த நூலுக்குப் போய்விடுகிறார்கள். கூத்தாடுவது மார்க்கத்துக்கு ஒவ்வாது என்ற தயக்கம் ஒருபுறம். கூத்து படியாதவன் கலை என்ற இளக்காரம் மறுபுறம். முதலாவதை ஆலிம்கள் பேசட்டும். இரண்டாவது நம்மவர் மாத்திரம் செய்த குற்றமன்று. யித்திஷுக்கும் பார்சி மேடைக்கும் கனவான்கள் செய்தது அதுதான். அமானத்தை உருது இலக்கிய வரலாறு கடைசியில் ஏற்றுக்கொண்டது. வண்ணக்களஞ்சியப் புலவரின் காப்பியத்தைக் கொண்டாடுகிற நாம், அவர் பெயரில் உள்ள நாடகத்தை ஆடிப் பார்க்கவேண்டாம். குரலெடுத்து ஒருமுறை வாசித்தாவது பார்க்கலாம். அது கண்ணுக்கு எழுதியதன்று, காதுக்கு எழுதியது.

அண்ணாவிமார் நாடகத்தைக் கொப்பியில் எழுதி வைப்பது வழக்கம். பார்சிக் கம்பனியின் பெட்டியைப் போலவே அந்தக் கொப்பியும் இலேசில் வெளியே வராது. எங்கள் கரையோரத்தில் பல கொப்பிகள் இடம்பெயர்வில் தொலைந்தன. மிஞ்சியவற்றிற் பல 2004 டிசம்பரில் கடலோடு போயின. மூதூரிலோ கிண்ணியாவிலோ புத்தளத்திலோ மன்னாரிலோ, வாப்பாவின் அல்லது மூத்தவாப்பாவின் பெட்டிக்குள் அலிபாதுஷாவோ அப்பாசோ கையெழுத்தில் இருந்தால், கொப்பியை யாருக்கும் கொடுக்கவேண்டாம். பக்கத்துக்கு ஒரு படமாகக் கைத்தொலைபேசியில் எடுத்து, இச்சஞ்சிகையின் ஆசிரியருக்கு அனுப்புங்கள். ஓரங்களில் மெட்டின் பெயர் குறித்திருந்தால் அந்த ஓரமும் படத்தில் விழவேண்டும்.